நடுக்கம் எதனோடு சேர்ந்து ஓடுகிறது?

ஈப்போ விமான நிலையத்திலிருந்து கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லா வான்வழியே சுமார் 35 கிலோமீட்டர்தான். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 அந்தத் தூரத்தைக் கால்மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஆனால் அதற்குள் கிந்தா பள்ளத்தாக்கின் சமவெளியை விட்டுத் தித்திவங்சா மலைத்தொடரின் முகட்டைத் தாண்டும் உயரத்துக்கு அது ஏறியாக வேண்டும். கீழே அடர்காடு. காடு முடிந்தால் சரிவெல்லாம் தேயிலை, பள்ளமெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். இறங்குவதற்குத் தோதான சமதளம் கண்ணுக்கு எட்டியவரை இல்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் 656வது ஸ்குவாட்ரனின் ஆஸ்டர் விமானங்கள் மலாயாவின் இப்படிப்பட்ட மலைக்காடுகளுக்கு மேல்தான் ஒற்றை எஞ்சினை நம்பிப் பறந்தன.

இந்த மாதிரி நிலத்தை நோக்கி ஏறும் சின்ன விமானம், சக்கரம் தரையை விட்ட சில நொடிகளில் கடகடவென்று உதறத் தொடங்கினால் உள்ளே இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதிலும் மலேசியாவில் சின்ன விமானம் என்றாலே இப்போது மனசில் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த பீச்கிராஃப்ட் ஜெட் எல்மினா சாலையில் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள்; பகாங் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரும் அதில் போய்விட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 13 அன்று சுபாங்கிலிருந்து கிளம்பிய இரண்டு பேர் விமானம் ஒன்று சில நிமிடங்களில் காப்பாரில் விழுந்தது, இருவரும் பிழைக்கவில்லை. இந்த விபத்துகளை இங்கே அலசப் போவதில்லை. இவற்றுக்குப் பிறகு, விமானத்தில் எந்த ஆட்டத்தை உணர்ந்தாலும் “எஞ்சின் போச்சு” என்ற முடிவுக்கு மனம் தாவிவிடுகிறது. அந்தத் தாவலைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடுக்கத்துக்குக் காரணம் பல. அவற்றில் சில, தானே அரை நிமிடத்தில் அடங்கிவிடும். சில, அரை நிமிடம்கூடக் காத்திருக்காது. இரண்டையும் உடம்பு ஒரே மாதிரிதான் உணரும். ஆகவே எவ்வளவு பலமாக உதறுகிறது என்பதைவிட, எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனோடு சேர்ந்து குறைகிறது என்ற கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

கேமரன் மலைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் பழைய லேண்ட் ரோவர் நிற்கிறது. கோஸ் மூட்டை ஏற்றிச் சேற்றுப் பாதையில் ஏறி இறங்கும் அந்த வண்டியை ஃபோர்மேனிடம் கொண்டுபோய் “உதறுதுண்ணே” என்றால், அவர் போனட்டைத் தூக்குவதற்கு முன்னால் “எப்ப உதறுது?” என்றுதான் கேட்பார். வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதே உதறினால் எஞ்சின் பக்கம். நிற்கும்போது அடங்கியிருந்து, ஓடும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் சக்கரத்தின் பக்கம். சந்தேகம் தீரவில்லையா, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருளவிட்டுப் பார்ப்பார். எஞ்சின் சும்மா இருக்க, வண்டி மட்டும் ஓடுகிறது. அப்போதும் ஆட்டம் இருந்தால் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்க்கும் இந்த முறைதான் விமானத்திலும் செல்லும். விமானத்தில் மாற்றிப் பார்க்கக் கிடைப்பவை சக்கரத்தின் சுழற்சி, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்னும் ஆர்.பி.எம்., காற்றைக் கிழித்துப் போகும் வேகம் ஆகிய மூன்று. நான்காவதாகக் காற்றே குலுக்குவதும் உண்டு. பிற்பகலில் மலைச்சரிவை ஒட்டி எழும் காற்று விமானத்தைத் தூக்கிப் போடும். ஆனால் அதற்குத் தாளம் கிடையாது. ஒரு தட்டு, ஒரு தொய்வு, மறுபடி இரண்டு தட்டு என்று வரும். இயந்திரக் கோளாறு தாளம் தப்பாமல் வரும். முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். மேலேறியதும் வரும் நடுக்கங்களில் அடிக்கடி நடப்பதும் அதிகமாகப் பயமுறுத்துவதும் இதுதான். ஆபத்து குறைந்ததும் இதுதான். செஸ்னா 172 மாதிரியான விமானத்தில் சக்கரங்கள் உள்ளே மடங்குவதில்லை. மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விடும்போது சக்கரமும் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. பிரதான சக்கரத்தின் டயர் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் குறுக்களவு; சுற்றளவு 1.4 மீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 20 சுற்று. தரையில் ஓடும்வரை விமானத்தின் எடை சக்கரத்தை அழுத்திப் பிடித்திருந்தது. மேலெழுந்ததும் அது எஃகுக் காலின் நுனியில் சுதந்திரமாகத் தொங்கிச் சுழல்கிறது. டயரில் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும், அந்தக் கால் முழுக்க ஆடும். சக்கரம் மெல்ல மெல்ல வேகம் குறையும்போது, காலின் இயல்பான ஆட்டத்துக்கு இசைவான ஒரு வேகத்தைக் கடக்கும்; அந்தக் கணத்தில் உதறல் திடீரென்று பெரிதாகி, பிறகு தேய்ந்து போகும். புதிதாகப் பறக்கக் கற்பவர் இதை எஞ்சின் சிதறுவதாகவே நினைப்பார்.

பரிசோதனை எளிது. பிரேக்கை மெல்ல மிதிக்க வேண்டும். அந்த நொடியே உதறல் நின்றால் சக்கரம்தான் காரணம் என்று ஆகிவிட்டது. கற்றுத் தருபவர்கள் பலர், மேலேறியதும் பிரேக்கை ஒரு தட்டு தட்டுவதை வழக்கமாகவே சொல்லிக் கொடுப்பார்கள். மூக்குச் சக்கரத்துக்கு மட்டும் இது செல்லாது. அதற்குப் பிரேக் கிடையாது. அது தானாக ஓய்வதற்குக் காத்திருக்க வேண்டும். தரையில் ஓடும்போதே மூக்குச் சக்கரம் இடவலமாகப் படபடவென்று அடித்துக்கொண்டால் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷிம்மி டேம்பர் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சக்கரம் ஏன் ஒரு பக்கம் கனக்கிறது? பிரேக்கை அழுத்திப் பிடித்து இறங்கியதில் டயரின் ஓரிடம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருக்கலாம். மழைநாளில் புல்தரையில் ஓடி, சக்கரத்தை மூடும் கூட்டுக்குள் சேறு அப்பியிருக்கலாம். டயர் மாற்றியவர் ஒரு சின்னப் புள்ளியைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். விமான டயரின் பக்கச்சுவரில் சிவப்புப் புள்ளி ஒன்று இருக்கும். டயரில் எடை குறைந்த இடம் அது. டியூபின் வால்வு வரும் இடத்துக்கு, அல்லது டியூபில் கனமான இடம் என்று கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டுக்கு, நேராக இந்தப் புள்ளி வரும்படி மாட்ட வேண்டும். கனமும் இலேசும் ஒன்றையொன்று ஈடுகட்டும். தாறுமாறாக மாட்டினால் தரையில் ஒன்றும் தெரியாது. மேலே போனதும் தெரியும்.

பிரேக்கைத் தட்டியும் நிற்கவில்லை, அரை நிமிடத்தில் தேயவும் இல்லை என்றால் கவனம் முன்னால் போக வேண்டும்.

சின்ன விமானத்தின் எஞ்சினில் பெரும்பாலும் நான்கு சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் எஞ்சின் நொடிக்கு 40 முறை சுற்றுகிறது. ஒரு சிலிண்டர் நொடிக்கு 20 முறை வெடிக்கிறது. அதில் ஒன்று செத்துப்போனால், இருக்க வேண்டிய தள்ளல் நொடிக்கு 20 தடவை இல்லாமல் போகும். விமானம் அதே தாளத்தில் உதறும். சக்கரத்துக்குப் போட்ட கணக்கிலும் இதே 20 வந்ததைக் கவனியுங்கள். சமநிலை தப்பிய சக்கரமும் செத்த சிலிண்டரும் மேலேறிய முதல் சில நொடிகளில் இருக்கைக்கு அடியில் கிட்டத்தட்ட ஒரே நடுக்கத்தைத் தரும். எத்தனை வருடம் பறந்த அனுபவசாலியானாலும் வெறும் உணர்ச்சியை வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. சக்கரம் தேயும், சிலிண்டர் தேயாது. பிரேக் ஒன்றை நிறுத்தும், மற்றதைத் தொடாது. சிலிண்டர் போனால் ஆர்.பி.எம். முள் இறங்கும், ஏற்றம் மந்தப்படும். சோதித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

சிலிண்டர் ஏன் சாகிறது? பல நேரம் ஸ்பார்க் பிளக்தான். இந்த எஞ்சின்களுக்கு ஊற்றும் ஏவ்கேஸ் 100 எல்.எல். எரிபொருளில் ஈயம் கலந்திருக்கிறது. தரையில் நெடுநேரம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் ஈயமும் கரியும் பிளக்கின் முனையில் படியும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டுக்கும் பொறிக்கான மின்சாரம் தரத் தனித்தனி மேக்னட்டோ என்று வைத்திருப்பது இதற்காகத்தான். ஓடுபாதையின் முனையில் நின்று எஞ்சினை 1,700 அல்லது 1,800 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி, சாவியை ஒரு முறை இடது மேக்னட்டோவுக்கும் ஒரு முறை வலதுக்கும் திருப்பிப் பார்ப்பார் விமானி. ஒற்றை மேக்னட்டோவில் ஆர்.பி.எம். கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. கையேடு சொல்லும் அளவுக்கு மேல் இறங்கினாலோ, இறங்கும்போது எஞ்சின் திக்கினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும். எரிபொருள் கலவையை இலேசாக்கிச் சிறிது நேரம் உயர்ந்த வேகத்தில் ஓடவிட்டால் படிந்தது எரிந்து பிளக் சுத்தமாவதும் உண்டு. ஆகவில்லை என்றால் அன்றைக்குப் பயணம் இல்லை.

இன்னொன்று, எக்ஸாஸ்ட் வால்வு ஒட்டிக்கொள்வது. வால்வின் தண்டு போய்வரும் குழாயில் கரி படிந்து இறுகும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சில நொடி நொண்டும், சூடேறியதும் சீராகும். “சரியாயிடுச்சு” என்று கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்த நொண்டல் முன்கூட்டியே வந்த எச்சரிக்கை. அடுத்த தடவை வால்வு ஒட்டுவது முழு விசையில் ஏறும்போது நடக்கலாம். லைகாமிங் நிறுவனம் இதைக் கண்டுபிடிக்கவென்றே 388 என்ற எண்ணில் சேவை அறிவிக்கை வெளியிட்டு, வால்வுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியைக் குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லியிருக்கிறது.

இனி, நம் வெப்பமண்டலக்காரர்கள் நம்ப மறுக்கும் ஒரு காரணம்: பனிக்கட்டி. மலேசியாவில் பனிக்கட்டியா என்பார்கள். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரைந்து போகும்போதும், அங்கே பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை சட்டென்று 20, 30 டிகிரி விழும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழே போய்விடும். காற்றில் ஈரம் வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் கேமரன் மலையில் பகலில்கூட 20 டிகிரியை ஒட்டிய குளிர், மூடுபனி, எப்போதும் ஈரம். கார்புரேட்டரில் பனிக்கட்டி பிடிக்க இதைவிட வசதியான காற்று கிடைக்காது. உள்ளே ஈரப்பசை உறைந்து காற்றின் பாதையை அடைக்கத் தொடங்கும். முதல் அடையாளம் நடுக்கம் அல்ல, ஆர்.பி.எம். மெல்ல இறங்குவது. விமானி கவனிக்காமல், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் கொஞ்சம் முன்னே தள்ளி ஈடுகட்டிவிடுவார். அடைப்பு முற்றிய பிறகுதான் எஞ்சின் உதறும். முழு விசையில் ஏறும்போது இது சற்றுக் குறைவு. ஆனால் கிளம்பும் முன் குறைந்த வேகத்தில் தரையில் காத்திருந்தபோதே பிடித்த பனிக்கட்டியோடு ஓடுபாதையில் பாய்கிறவர்கள் உண்டு.

மருந்து, கார்புரேட்டர் ஹீட். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பும் ஓர் இழுகுமிழ் அது. அதை இழுத்ததும் என்ன நடக்கும் என்பதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது; விசை இன்னும் இறங்கும். உருகிய பனிக்கட்டி தண்ணீராகி எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் இருமும், முன்பைவிடக் கேவலமாக உதறும். சில நொடிகளில், சில சமயம் அரை நிமிடம் வரையில், தண்ணீரெல்லாம் போய் எஞ்சின் தெளியும். இந்த இடைவெளியில் பயந்துபோய் “இது தப்பு” என்று குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டால், சரியான மருந்தைப் பாதியில் நிறுத்தியது போலாகும். பனிக்கட்டி மறுபடி பிடிக்கும். இந்த முறை எஞ்சின் நின்றே போகலாம். சரியானதைச் செய்தபோது நடுக்கம் கூடியது. இதை நினைவில் வைத்திருங்கள். இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவத்தைப் பிறகு சொல்கிறேன்.

எல்லா நடுக்கத்திலும் மிகவும் அஞ்ச வேண்டியது புரொப்பெல்லரிலிருந்து வருவது. செஸ்னா 172இன் இரண்டு இதழ்ப் புரொப்பெல்லர் நுனிக்கு நுனி ஏறக்குறைய 1.9 மீட்டர். 2,400 ஆர்.பி.எம்.மில் அதன் நுனி மணிக்கு 850 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த நுனியில் ஒரே ஒரு கிராம் உலோகம் உடைந்து விழுந்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும் விசை ஆறு கிலோ எடைக்குச் சமம். நொடிக்கு 40 தடவை அந்த ஆறு கிலோ எஞ்சினை மேலும் கீழும் இடமும் வலமும் இழுக்கும். ஒரு கிராமுக்கே இப்படி. ஒரு விரல் நீளம் உடைந்து போனால் எஞ்சினைத் தாங்கும் குழாய்ச் சட்டமே பிய்ந்து போகக்கூடும். முன்னாலிருக்கும் எஞ்சின் கழன்று விழுந்தால் விமானத்தின் எடைச் சமநிலை கெட்டு, அதைச் சறுக்கவிட்டு இறக்கும் வாய்ப்பும் போய்விடும். எனவே கருவிப் பலகையில் எண்ணைப் படிக்க முடியாத அளவுக்குக் குலுங்கினால் காரணம் தேடக் கூடாது. திராட்டிலை முழுக்க இழுத்து, எரிபொருளை அடைத்து, மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லரை நிற்க வைத்துவிட்டு, சறுக்கி இறங்குவதற்கு இடம் பார்க்க வேண்டும். இந்த விசை சுழற்சி வேகத்தின் இருமடியாகக் கூடும், ஆர்.பி.எம். பாதியானால் இழுப்பு கால்பங்காகும். திராட்டிலைக் குறைத்த உடனே குலுங்கல் சட்டென்று தணிவதற்கு இதுதான் காரணம்.

இதழ் எப்படி உடைகிறது? பெரும்பாலும் ஒரு சின்னச் சிராய்ப்பிலிருந்து. சரளைக்கல் தரையில் எஞ்சினை ஓட்டினால் கல் எகிறி இதழின் முன்விளிம்பில் அரிசிமணி அளவுக்கு ஒரு வெட்டு விழும். கண்ணுக்குப் பிடிபடாது. பறப்பதற்கு முன், சாவி எடுக்கப்பட்டு மேக்னட்டோ அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, விமானி தன் விரல்நுனியை அந்த விளிம்பில் அடிமுதல் நுனிவரை ஓட்டிப் பார்ப்பார். நகத்தில் சிக்கும் கூரான வெட்டு தென்பட்டால் மெக்கானிக் அரத்தால் ராவி, பள்ளத்தை வழவழப்பான சரிவாக்க வேண்டும். அப்படியே விட்டால் கோடிக்கணக்கான சுழற்சியில் விசையெல்லாம் அந்தக் கூர்மையில் குவிந்து விரிசலாக வளரும். வெளியே தெரியாத இடத்திலும் விரிசல் வளரலாம். 2017 மார்ச் 17 அன்று ஆல்பரியிலிருந்து சிட்னி வந்துகொண்டிருந்த ரெக்ஸ் நிறுவனத்தின் சாப் 340 விமானத்தில் வலது எஞ்சின் விமானியின் பேச்சைக் கேட்காமல் போய், அதிர்வும் தென்பட்டது. சற்று நேரத்தில் புரொப்பெல்லர் முழுசாகக் கழன்று காற்றில் பறந்து போனது. அதைத் தாங்கிய தண்டின் விளிம்புத்தட்டில் சோர்வு விரிசல் வளர்ந்திருந்தது பிறகு தெரியவந்தது. இரண்டாவது எஞ்சின் இருந்ததால் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

உடைவு இல்லாமலே சமநிலை மட்டும் இலேசாகத் தப்பிய புரொப்பெல்லர்களும் நிறைய. எஞ்சின் மேல் ஓர் உணரியை வைத்து ஓடவிட்டு, அதிர்வின் வேகத்தை நொடிக்கு எத்தனை அங்குலம் என்று அளப்பார்கள். 0.2 அங்குலத்துக்கு மேல் போனால் சின்ன வாஷர்களைப் பொருத்திச் சரிசெய்வது பட்டறை வழக்கம். இது செலவு அதிகமில்லாத வேலை. எஞ்சினைச் சுற்றியிருக்கும் குழாய்கள், ஒயர்கள், தகடுகள் எல்லாவற்றின் ஆயுளையும் இது கூட்டும்.

மூன்றாவது வகை, காற்று வேகத்தோடு கூடும் நடுக்கம். திராட்டிலை அப்படியே வைத்து மூக்கை மட்டும் சற்று உயர்த்தினால் வேகம் குறையும். நடுக்கமும் குறைந்தால் விமான உடலின் ஏதோ ஒரு பகுதி தளர்ந்திருக்கிறது. கதவிடுக்கில் வெளியே மாட்டிக்கொண்ட சீட் பெல்ட்டின் நுனி தகட்டில் அடித்து எழுப்பும் சத்தம் கேட்டால் எஞ்சின் உடைகிறது என்றே தோன்றும். எத்தனையோ அவசரத் தரையிறக்கங்கள் அந்தப் பெல்ட்டால் நடந்திருக்கின்றன. இறக்கையின் ஓரத்திலோ வாலிலோ உள்ள அசையும் பகுதி தளர்ந்து படபடக்கத் தொடங்கினால் மட்டும் விஷயம் வேறு. ஃபிளட்டர் என்னும் அந்தப் படபடப்பு சில நொடிகளில் பகுதியைப் பிய்த்துவிடும், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் மலையைத் தாண்டும் அவசரத்தில் மூக்கைத் தூக்கித் தூக்கி ஏறும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. வேகம் போதாமல் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது. அங்கே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவதுதான் உயிர் காக்கும். ஒன்றுக்குரிய வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் கதை முடிந்தது. ஆகையால் வேகங்காட்டியைப் பார்க்காமல் மூக்கை எந்தப் பக்கமும் அசைக்கக் கூடாது.

இவ்வளவையும் படித்தவர், விமானி மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. சொல்ல வந்ததே அதைத் தடுப்பதற்காகத்தான். தரைக்கு மேலே முதல் சில நூறு அடியில் எந்த ஆராய்ச்சிக்கும் நேரம் இல்லை. விமானத்தைப் பறக்க வைப்பது, வேகத்தைக் காப்பது, பிரேக்கை ஒரு தட்டு தட்டுவது, அவ்வளவுதான். முன்னால் ஓடுபாதை மிச்சம் இருந்தால் அதிலேயே இறங்கிவிட வேண்டும். விசை போய்விட்டால் ஏறக்குறைய நேராகவே இறங்க வேண்டும். அந்த உயரத்தில் திரும்பி ஓடுபாதைக்கு வர முயன்று விழுந்தவர்கள் ஏராளம். உயரம் கிடைத்த பிறகு, விமான நிலையத்தை விட்டு விலகாமல் வட்டமடித்துக்கொண்டு கார்புரேட்டர் ஹீட், கலவை, மேக்னட்டோ என்று கையேட்டின் வரிசையில் பார்க்கலாம். விசை இல்லாத செஸ்னா 172, உயரத்தைப் போல ஒன்பது மடங்கு தூரம் சறுக்கும். தரையிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் எட்டு கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் ஓடுபாதை இருக்கும்வரைதான் துணிவுக்கு இடம். மேலே செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் விமானி தன்னையே கேட்க வேண்டும்: இதன் விடை நான் செய்யப் போவதை மாற்றுமா? விடை எதுவானாலும் திரும்பி இறங்கத்தான் போகிறோம் என்றால் அந்தச் சோதனை தரையில் நடக்கட்டும். ஏதோ ஓர் ஆர்.பி.எம்.மில் எஞ்சின் ஓரளவு அடங்கி ஓடுகிறதென்றால், அங்கேயே விட்டுவிட்டு இறங்குவதே மேல்.

கார்புரேட்டர் ஹீட் பற்றிச் சொன்னபோது தள்ளிவைத்த சம்பவம் இங்கே வர வேண்டும். 1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737–400. அது பெரிய விமானம்தான், ஆனால் பாடம் எல்லா அளவுக்கும் பொருந்தும். 28,000 அடி தாண்டி ஏறிக்கொண்டிருக்கையில் இடது எஞ்சினின் முன்விசிறி இதழ் ஒன்று உடைந்தது. பலத்த நடுக்கம், புகை நாற்றம். விமானிகள் கோளாறு வலது எஞ்சினில் என்று முடிவு கட்டி, வலதின் விசையைக் குறைத்தார்கள். நடுக்கமும் நாற்றமும் தணிந்தன. சரியான எஞ்சினைத்தான் தொட்டிருக்கிறோம் என்று உறுதிப்பட்டு அதை அணைத்தும்விட்டார்கள். உண்மையில் நடந்தது என்ன? வலதைக் குறைப்பதற்காகத் தானியங்கித் திராட்டிலைத் துண்டித்தபோது, பழுதான இடது எஞ்சினின் மேல் இருந்த சுமையும் குறைந்தது. அதனால்தான் அது அடங்கியது. அந்த மாதிரி விமானத்தில் எஞ்சின் அதிர்வைக் காட்டும் கருவி இருந்தது. இடதுபக்கக் காட்டி உண்மையைச் சொல்லவும் செய்தது. ஆனால் அது மிகச் சிறியது. பழைய மாதிரிகளில் நம்பத் தகாதது என்று பெயரும் வாங்கியிருந்தது. கிழக்கு மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தை நெருங்கி, இறங்குவதற்காக இடது எஞ்சினுக்கு மறுபடி விசை கொடுத்தபோது அது கைவிட்டது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், கெக்வொர்த் ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதி 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

கார்புரேட்டர் பனிக்கட்டியில் சரியான செயல் நடுக்கத்தைக் கூட்டியது. கெக்வொர்த்தில் தவறான செயல் நடுக்கத்தைக் குறைத்தது. நடுக்கம் குறைந்தது என்பதற்காகக் கண்டுபிடித்துவிட்டோம் என்றும், கூடியது என்பதற்காகத் தவறிவிட்டோம் என்றும் முடிவு கட்டக் கூடாது. அதன் போக்கை ஆர்.பி.எம்., வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம் என்று மற்ற கருவிகளோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். எஞ்சினை அணைத்தாலே நடுக்கம் நிற்கும் என்பதும் பொய்த்துப் போகலாம். 2017 ஜூன் 25 அன்று பெர்த்திலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய ஏர் ஏசியா எக்ஸ் டி7237 விமானத்தில் விசிறி இதழ் உடைந்தபின் எஞ்சினை அணைத்தார்கள். எதிர்க்காற்றில் அது தானாகச் சுழன்றுகொண்டேயிருந்தது. பெர்த்துக்குத் திரும்பும்வரை விமானம் குலுங்கியபடியே வந்து, பத்திரமாக இறங்கியது.

கெக்வொர்த்தில் இன்னொரு விவரம் என்னை விடாமல் உறுத்துகிறது. இடது எஞ்சினிலிருந்து தீப்பொறி பறந்ததைப் பயணிகள் பார்த்தார்கள். வலது எஞ்சினை அணைத்துவிட்டதாக விமானி ஒலிபெருக்கியில் சொன்னதையும் கேட்டார்கள். யாரும் போய்ச் சொல்லவில்லை; விமானிக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்கள். சின்ன விமானத்தில் பயணி விமானியின் தோளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பக்கம் சத்தம், இறக்கையில் எது ஆடுகிறது, எரிபொருள் மூடி திறந்திருக்கிறதா, பெல்ட் வெளியே தொங்குகிறதா என்று கண்ணில் பட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அவர் அலட்சியம் செய்தாலும் பரவாயில்லை.

இறங்கிய பிறகு பதிவேட்டில் “நடுக்கம் இருந்தது” என்று மட்டும் எழுதினால் மெக்கானிக்குக் கையில் ஒன்றும் இல்லை. தரையை விட்டு எத்தனை நொடியில் தொடங்கியது, அப்போது ஆர்.பி.எம். என்ன, வேகம் என்ன, பிரேக்குக்கு அடங்கியதா, திராட்டிலுக்கு அடங்கியதா, எந்த மேக்னட்டோவில் மோசமாயிற்று என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. மெக்கானிக் விமானத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிடுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடம் கீழே வந்து நின்றால் அங்கேதான் கனம். எஞ்சின் என்றால், குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களின் சூட்டையும் வெப்பமானியால் அளப்பார். மூன்று கொதிக்க, ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் செத்த சிலிண்டர் அதுதான். பிறகு அதன் பிளக்கைக் கழற்றுவார், வால்வைப் பார்ப்பார், அழுத்தத்தை அளப்பார். பழுது பார்த்துக் கையெழுத்துப் போட்ட பின் முதல் பறப்பு, விமானி மட்டும் ஏறி, ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்து நடக்க வேண்டும். பயணியை ஏற்றுவது அதற்கு அடுத்த பறப்பில்தான்.